யாரைக் கேட்டுப் பாடிப் பழகுவது? அரியக்குடி, ஜி.என்.பி., எம்.எஸ்., மதுரை மணி, பிருந்தா: ஓர் ஒப்பீடு

நான்கைந்து வர்ணங்களும் இருபது முப்பது கீர்த்தனைகளும் பாடமான பிறகு, கர்நாடக சங்கீதம் கற்கும் பலர் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். சொல்லிக்கொடுத்தது தப்பில்லாமல் வருகிறது, ஆனால் பாட்டில் உயிர் இல்லை. அப்போதுதான் பெரிய வித்வான்களின் பதிவுகளைக் கேட்டு, அப்படியே பாடிப் பார்க்கும் ஆசை வருகிறது. நல்ல ஆசைதான். குருவுக்குப் பின்னால் தம்புராவோடு உட்கார்ந்து பின்பாட்டுப் பாடிய சிஷ்யர்கள் செய்ததும் இதைத்தான்.

தவறு நடப்பது ஆளைத் தேர்ந்தெடுப்பதில். தனக்கு மிகப் பிடித்தவரையே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இன்று தன் பாட்டில் எது குறைகிறது, அந்தக் குறையை யாரைக் கேட்டால் சரிசெய்ய முடியும் என்று பார்த்து எடுத்தால்தான் பாட்டு நகரும். ஏற்கெனவே பிருகா (அதிவேக ஸ்வர ஓட்டம்) துள்ளும் தொண்டைக்காரர் ஜி.என்.பி.யையே (ஜி.என். பாலசுப்பிரமணியம்) கேட்டுக்கொண்டிருந்தால் பிருகாதான் இன்னும் கூடும். விளம்ப காலத்தில் (மெதுவான நடையில்) நிற்க முடியாத குறை அப்படியே இருக்கும்.

பிடிக்க வேண்டியவை, விட வேண்டியவை

குரலின் நிறத்தைப் பிடிக்க முயலக் கூடாது. அது குரல்நாண், தொண்டை, வாய் ஆகியவற்றின் அமைப்பால் வருவது. எம்.டி. ராமநாதனின் மந்தரக் குரலை விரும்பி, இருபது வயதுப் பையன் குரல்வளையைக் கீழே அழுத்திப் பாடினால் சிறிது நேரத்திலேயே தொண்டை கரகரக்கும், மேல் ஷட்ஜம் எட்டாது. செம்மங்குடி சீனிவாச ஐயர் பணியாத சாரீரத்தை (குரலை) அசுர சாதகத்தால் (பயிற்சியால்) பழக்கியவர். அவருடைய மூக்கொலியை மட்டும் எடுத்துக்கொண்டு சாதகத்தை விட்டுவிடுபவருக்கு எதுவும் மிஞ்சாது. வயதான காலத்துப் பதிவுகளில் வரும் குரல் நடுக்கம், இருமலுக்கு முன் விடும் இடைவெளி, ஜதி சேராத இடத்தில் போடும் தலையாட்டம் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும்.

பிடிக்க வேண்டியவை வேறு: சங்கதி (ஒரே வரியின் மாறுபட்ட இசை வடிவம்) எந்த ஸ்வரங்கள் வழியே போகிறது, கமகத்தின் (ஸ்வரத்தின் அசைவு, குழைவு) அகலமும் வேகமும் எவ்வளவு, மூச்சு எங்கே எடுக்கப்படுகிறது, சொல் எங்கே பிரிகிறது, ஸ்வரத்தில் எப்படி இறங்கி நிற்கிறார், எங்கே பாடாமல் விடுகிறார். இந்த ஆறும் எந்தத் தொண்டையிலும் வரும். ஆண் பாடியதைப் பெண்ணும், ஒன்றரைக் கட்டை (கட்டை என்பது ஆதார சுருதியின் உயர அளவு) சுருதிக்காரர் பாடியதை ஐந்தரைக் கட்டைக்காரரும் எடுத்துக்கொள்ளலாம்.

எந்தக் குறைக்கு யார்

சுருதி ஆடுகிறதென்றால் எம்.எஸ். சுப்புலட்சுமியின் ஸ்டூடியோ பதிவுகளிலிருந்து தொடங்குவது நல்லது. அவர் பஞ்சமத்திலோ மேல் ஷட்ஜத்திலோ நிற்கும் இடங்களை மட்டும் ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வரத்தின் மையத்திலேயே நேராக இறங்குவார். மாணவர்கள் கீழிருந்து வழுக்கிக்கொண்டே ஏறிச் சேருவார்கள், அதைக் கமகம் என்றும் நினைத்துக்கொள்வார்கள். ஓர் ஆபத்தும் உண்டு. தார ஸ்தாயியில் எம்.எஸ்.ஸுக்கு இருக்கும் நிறைவைக் காற்றைத் தள்ளிக் கொண்டுவரப் பார்க்கும் பெண்கள் அநேகம். அப்படித் தள்ளினால் கழுத்து நரம்பு புடைக்கும், ஸ்வரம் ஒரு இழை மேலே போய்விடும். மேல் ஸ்தாயியில் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துப் பாடிப் பாருங்கள். அப்போதும் ஸ்வரம் நிற்கவில்லை என்றால் அந்தச் சுருதி உங்களுக்கு உயரம். அரைக்கட்டை இறக்குங்கள்.

பாட்டுக்குக் கட்டுக்கோப்பு இல்லை, காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) ஓடுகிறது, சங்கதிகளை இழுத்துக்கொண்டே போகிறீர்கள் என்றால் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). இன்றைய கச்சேரி அமைப்பு அவரிடமிருந்து வந்தது. வர்ணத்தில் தொடங்கி, மத்திமகாலக் கீர்த்தனைகளில் அரங்கைச் சூடேற்றி, எதையும் அளவோடு நிறுத்துவது அவர் வழி. அவரைக் கேட்கும்போது கையில் தாளம் போடுவது கட்டாயம். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது வேகம் மயிரிழை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் பதிவிலும் அதே இடத்தைப் பாருங்கள். ராக ஆலாபனையில் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் முகத்தை முழுதாகக் காட்டிவிட்டு நகரும் சிக்கனத்தையும் அவரிடம் படிக்கலாம்.

அரியக்குடியின் பழைய பதிவுகள் காதுக்குக் கடினமாக இருந்தால், அதே வழியை அவருடைய சிஷ்யர் கே.வி. நாராயணசுவாமியிடம் தெளிவான ஒலியில் கேட்கலாம். அழுத்தமில்லாத குரல், அப்பழுக்கற்ற சுருதி, சாகித்யத்தைக் கசக்காத உச்சரிப்பு. யாரை எடுப்பதென்றே தெரியாத ஆண்களுக்கு முதலில் இவரைத்தான் சொல்வோம். பெண்களுக்கு டி.கே. பட்டம்மாள். தீட்சிதர் கிருதிகளில் அவருடைய பாடாந்தர (குருவழி வந்த பாட வடிவத்தின்) சுத்தமும் சொல் தெளிவும், ராகம்-தானம்-பல்லவியில் லயப் பிடிப்பும் நகல் எடுக்கத் தகுந்தவை. குரலில் மிகையான அலங்காரம் இல்லாததால், எது சங்கதி, எது குரலின் தனி இயல்பு என்ற குழப்பம் மாணவருக்கு வருவதில்லை.

கல்பனாஸ்வரம் (அந்த இடத்திலேயே கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள்) கணக்காகவே வருகிறது, சங்கீதமாக வரவில்லை என்றால் மதுரை மணி ஐயரைத் தவிர வேறு யாரையும் சொல்லத் தோன்றவில்லை. அவருடைய ஸ்வரம் சர்வலகுவில் (கணக்குச் சிக்கலின்றித் தாளத்தோடு இயல்பாக ஓடும் நடையில்) நடக்கும். கோர்வை (முடிப்புக் கணக்கு) என்று ஒன்று வருவதற்கு முன்பே கேட்பவரின் கை தானாகத் தாளத்துக்கு வந்துவிடும். எடுத்துப் பழகுவது சுலபம். ஆதி தாளத்தில், ஒரு அட்சரத்துக்கு 4 மாத்திரை வீதம் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. அவர் பாடிய நான்கு ஆவர்த்தனத்தை மட்டும் நோட்டில் 4 மாத்திரைக் கட்டங்களாக எழுதுங்கள். எந்த ஸ்வரத்தை நீட்டுகிறார், கார்வை (நீட்டி நிற்கும் இடம்) எந்த அட்சரத்தில் விழுகிறது, எடுப்புக்கு (பாட்டு தொடங்கும் இடத்துக்கு) முன் கடைசி நான்கு ஸ்வரங்கள் எடுப்பு ஸ்வரத்தை நோக்கி எப்படி இறங்குகின்றன என்று குறியுங்கள். பிறகு கார்வைகளை அப்படியே வைத்துக்கொண்டு, இடையில் உள்ள ஸ்வரங்களை மட்டும் நீங்களாகப் போடுங்கள். அவருடைய ஸ்வரக் கோவையை மனப்பாடமாக ஒப்பிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஒப்பித்தவருக்கு அந்தப் பாட்டின் எடுப்பு மட்டுமே வரும், கார்வையைப் பிடித்தவருக்கு எந்த எடுப்பும் கைக்குள் வரும்.

கமகத்துக்கு டி. பிருந்தா. வீணை தனம்மாளின் பேத்தி. காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடமும் கற்றவர். க்ஷேத்ரக்ஞர் பதங்களும் ஜாவளிகளும் அந்தக் குடும்பத்தின் சொத்து. மெதுவான நடையில், ஒரு சொல்லுக்குள்ளேயே ஸ்வரம் மூன்று நான்கு விதமாகத் திரும்பும். வெளியே பார்த்தால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், பாட உட்கார்ந்தால்தான் எவ்வளவு நடக்கிறது என்று தெரியும். வர்ணம் சரியாக வந்துவிட்டது, ஆனால் எல்லா ராகமும் ஒரே சாயலில் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னால் இங்கே வரலாம். அதற்கு முன் வந்தால் பலன் குறைவு, காது அந்த நுணுக்கத்தை இன்னும் பிரித்துக் கேட்காது.

ஜி.என். பாலசுப்பிரமணியத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. எல்லோரும் முதலில் ஓடுவது அவரிடம், அதிகம் பேர் வழுக்கி விழுவதும் அவரிடம்தான். நாகஸ்வர ஆலாபனையின் வீச்சைத் தொண்டைக்குக் கொண்டுவந்தவர். பிருகா மின்னலாக ஓடினாலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழும். மாணவரின் பிருகாவில் தொடக்கமும் முடிவும் மட்டும் இருக்கும், நடுவில் இருப்பது வெறும் குலுக்கல். இதற்கு இரண்டு காரணங்கள்: அந்தப் பிரயோகத்தின் ஸ்வரங்கள் மனதில் தெளிவாக இல்லை, வேகத்தைத் தாடையை ஆட்டிக் கொண்டுவருகிறார்.

தீர்வு சலிப்பானது, ஆனால் தவறாது. பத்துப் பன்னிரண்டு ஸ்வரம் கொண்ட ஒரே ஒரு பிருகாவை எடுங்கள். ஸ்வரம் சொல்லிப் பாடுங்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து அடிக்கு 2 ஸ்வரம், பிறகு 4 ஸ்வரம். அது பிசிறில்லாமல் வந்த பிறகு அதையே அகாரத்தில் ('ஆ' என்று) பாடுங்கள். ஒரு விரலை மோவாயில் வைத்துக்கொண்டால் தாடை ஆடுவது உடனே தெரியும். ஆடாமல் வந்தால் 5 அடி கூட்டுங்கள், ஆடினால் 10 அடி குறையுங்கள். ஒரே நாளில் அவர் வேகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஜி.என்.பி.யின் சிஷ்யர்களைக் கேட்பதும் நல்ல பாடம். எம்.எல். வசந்தகுமாரி, தஞ்சாவூர் எஸ். கல்யாணராமன், திருச்சூர் வி. ராமச்சந்திரன் மூவரும் ஒரே குருவிடம் எடுத்ததைத் தங்கள் தொண்டைக்கு ஏற்றபடி மூன்று விதமாக மாற்றியிருக்கிறார்கள். பிறரிடமிருந்து எடுத்ததை எப்படித் தன்னுடையதாக்குவது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

எம்.டி. ராமநாதனிடம் விளம்ப காலத்தையும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் பாடாமல் விடும் இடங்களையும் எடுக்கலாம். ஏற்கெனவே காலப்பிரமாணம் கெட்டிப்பட்டவருக்கே அது பயன்படும், மற்றவருக்குப் பாட்டு தொய்ந்துவிடும். பாலமுரளி கிருஷ்ணா மூன்று ஸ்தாயியிலும் குழைந்து வருவது கேட்க அற்புதம். ஆனால் அதில் பெரும்பங்கு அந்தக் குரலுக்கே உரியது, பயிற்சிக்குப் பொறுக்கி எடுக்கக் கிடைப்பது குறைவு.

எந்தப் பதிவு

ஒரே வித்வானுக்கும் மூன்று வகைப் பதிவுகள் கிடைக்கும். 78 சுற்று இசைத்தட்டு, எல்.பி. போன்ற ஸ்டூடியோ பதிவு, கச்சேரி அல்லது வானொலி நாடாப் பதிவு. மூன்றும் மூன்று காரியத்துக்கு.

78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம். அதற்குள் கீர்த்தனையை முடிக்க வேண்டியிருந்ததால், பல தட்டுகளில் காலப்பிரமாணம் கச்சேரியில் பாடுவதைவிட விறுவிறுப்பு. நிரவலும் (ஒரு வரியைப் பலவாறு விரித்துப் பாடுவது) ஸ்வரமும் இருந்தால் கைப்பிடி அளவு. சங்கதியைச் சுருக்கமாகவும் கச்சிதமாகவும் சொல்வது எப்படி என்று படிக்க அருமையான பாடம். வேகத்தை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய தட்டுகளையும் நாடாக்களையும் டிஜிட்டலாக்கும்போது சுழலும் வேகம் மாறிப்போவது சகஜம். வேகம் சுமார் 6 சதவீதம் கூடினாலே சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். குரல் மெலிந்தும் பிருகா கூர்ந்தும் ஒலிக்கும். அதை அசல் என்று நம்பித் தொண்டையை முறுக்குபவர்கள் இருக்கிறார்கள். அதே வித்வானின் அதே காலத்துப் பதிவுகள் மூன்று நான்கைத் தம்புரா செயலியோடு ஒத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

கீர்த்தனையின் பாடாந்தரத்துக்கு ஸ்டூடியோ பதிவு. சாகித்யம் தெளிவாக இருக்கும், சங்கதிகள் வரிசை குலையாது. ஆலாபனைக்கும் நிரவலுக்கும் கச்சேரிப் பதிவு. அதிலும் அந்த வித்வானின் நடுவயதுப் பதிவாக இருப்பது நல்லது.

பத்து விநாடியை எப்படிப் படிப்பது

பதிவோடு கூடவே பாடுவது எல்லோருக்கும் பிடித்த வழி, பலன் மிகக் குறைந்ததும் அதுதான். பெரியவரின் குரல் உங்கள் குரலை மூடிக்கொள்கிறது. சுருதியையும் தாளத்தையும் அவர் தாங்கிக்கொள்கிறார். பாடி முடித்ததும் நன்றாகப் பாடியதுபோல இருக்கும், தனியாகப் பாடினால் பாதி காணாமல் போயிருக்கும். பின்பாட்டு என்று இங்கே நாங்கள் சொல்வது, அவர் பாடி முடித்த பிறகு நீங்கள் பாடுவது. அதைத்தான் பழக வேண்டும்.

முதலில் பதிவின் சுருதியைக் கண்டுபிடித்து உங்கள் சுருதியோடு ஒப்பிடுங்கள். அவர் 2 கட்டை, உங்களுக்கு 5 கட்டை என்றால் நடுவில் 5 அரைச்சுரம். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் வேகம் மாறாமல் சுருதியை மட்டும் ஏற்றலாம். ஆனால் மூன்று அரைச்சுரத்துக்கு மேல் போனால் குரல் பொம்மைக் குரலாகி, கமகத்தின் ஓரங்கள் மழுங்கிவிடும். அப்படிப்பட்ட இடைவெளியில் பதிவைத் தொடாமல் அவர் சுருதியிலேயே கேட்டு, ஸ்வரமாக எழுதி, உங்கள் சுருதியில் பாடுவது மேல். காதுக்கும் அது நல்ல பயிற்சி.

பிறகு ஒரு சங்கதியை, 6 முதல் 10 விநாடிக்கு மேல் போகாமல், வெட்டி எடுங்கள். முதல் எட்டுப் பத்து முறை வாயைத் திறக்காமல் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும்: ஒரு தரம் மூச்சு, ஒரு தரம் சொல் பிரியும் இடம், ஒரு தரம் தாளம், ஒரு தரம் கமகம். அதற்குப் பிறகு ஸ்வரம் எழுதுங்கள். எழுத்தில் அடங்காத இடத்துக்கு மேலே ஒரு வளைகோடு போட்டால் போதும்.

கமகம் புரியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். யூடியூபிலேயே 0.75, 0.5 இருக்கிறது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் கெட்டுப்போகிறார்கள். தோடியின் காந்தாரத்தைப் பாருங்கள். அது ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமல்ல. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி மத்திமத்தைத் தொட்டுத் தொட்டு ஆடுவது. அதை 0.5 வேகத்தில் கேட்டால் எங்கிருந்து எங்கே போகிறது என்பது கண்ணாடிபோலத் தெரியும், ஆட்டமோ செயற்கையாக இழுபட்டிருக்கும். அந்த இழுபட்ட ஆட்டத்தையே பாடிப் பழகினால் காந்தாரம் தள்ளாடும். பிறகு அதை எவ்வளவு வேகப்படுத்தினாலும் தோடி வராது. விளம்பத்தில் பாடும்போதுகூட கமகத்தின் ஆட்டம் அதே விகிதத்தில் மெதுவாவதில்லை. ஆட்டங்களின் எண்ணிக்கையும் நிற்கும் இடமும் மாறும். எனவே குறைத்த வேகம் பாதையைக் கண்டுபிடிக்க மட்டும். இரண்டு மூன்று தரம் கேட்டுவிட்டு அசல் வேகத்துக்குத் திரும்புங்கள். பாடுவது எப்போதும் அசல் வேகத்தில்.

பாடியதைப் பதிவு செய்யாமல் இந்த வேலை நிறைவேறாது. போனை ஒரு முழ தூரத்தில் வையுங்கள். தம்புரா வேறொரு கருவியில் மெல்லிய சத்தத்தில் ஓடட்டும். அசல் ஒரு தரம், உங்களுடையது ஒரு தரம் என்று மாற்றி மாற்றிக் கேட்டு, ஒரே ஒரு வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி பாடுங்கள். அரை மணியில் ஒரு சங்கதி பிடிபட்டால் நல்ல வேகம். மறுநாள் அசலைக் கேட்பதற்கு முன்பே, தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு பாடிப் பதிவு செய்யுங்கள். அப்போது வருவதுதான் உங்களிடம் தங்கியது.

ஒருவரா, பலரா

ஒருவரையே ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொள்வதா, பலரிடம் பொறுக்குவதா என்ற வாதம் பழையது. ஒருவரைப் பிடித்தால் பாட்டு ஒரே வார்ப்பாக இருக்கும், கூடவே அவருடைய சேஷ்டைகளும் ஒட்டிக்கொள்ளும். பலரிடம் பொறுக்கினால் நகல் என்ற பெயர் வராது, ஆனால் ஆலாபனை பல துண்டுகளை ஒட்டிய துணிபோல ஆகும். பல்லவியில் அரியக்குடி, அனுபல்லவியில் ஜி.என்.பி., ஸ்வரத்தில் மணி ஐயர் என்று ஒரே கீர்த்தனைக்குள் பாணி தாவினால் காது கூசும்.

இதற்கு நாங்கள் சொல்வது: ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு குறை, ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் இரண்டு கீர்த்தனை, ஒரு ராக ஆலாபனை போதும். கூடவே மாதம் ஒருமுறை, நீங்கள் படிக்கும் அதே கீர்த்தனையை வேறு மூன்று வித்வான்கள் பாடியதைக் கேளுங்கள். நால்வரும் ஒரே மாதிரி பாடும் இடங்களை ஒரு நிறத்திலும், ஆளுக்கொரு விதமாகப் பாடும் இடங்களை வேறு நிறத்திலும் நோட்டில் குறியுங்கள். முதல் வகை பெரும்பாலும் ராகத்தின் கட்டாயமாகவோ கிருதியின் எலும்பாகவோ இருக்கும், அதில் கை வைக்கக் கூடாது. இரண்டாவது வகையில்தான் உங்களுக்கும் இடம் இருக்கிறது.

பாடாந்தரம் உங்கள் ஆசிரியர் சொன்னதற்கு மாறாக இருந்தால், பதிவைக் கேட்டுப் பாட்டைத் திருத்திக்கொண்டு வகுப்புக்குப் போகாதீர்கள். பதிவை அவரிடமே போட்டுக் காட்டிக் கேளுங்கள். வேறொரு பரம்பரையின் பாடமாக இருக்கலாம். வித்வான் அந்தக் கச்சேரியில் மட்டும் மாற்றிப் பாடியதாகவும் இருக்கலாம், மேடையில் நேர்ந்த தவறாகவும் இருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல அனுபவப்பட்ட காது வேண்டும். ஒரே பதிவை மட்டும் கேட்டிருக்கும் மாணவரால் அது முடியாது.

ஆறு மாத முடிவில், முதல் வாரம் செய்த பதிவையும் கடைசி வாரம் செய்த பதிவையும் ஆசிரியரிடமோ நன்றாகக் கேட்கத் தெரிந்த ஒருவரிடமோ, எது எப்போது பாடியது என்று சொல்லாமல் கொடுங்கள். எடுத்துக்கொண்ட குறை தீர்ந்திருந்தால் அடுத்த குறைக்கும் அடுத்தவருக்கும் போகலாம். தீரவில்லை என்றால் வித்வானை மாற்றாதீர்கள், கீர்த்தனையை மாற்றுங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே வேறு விதமாகப் பாடமாகிவிட்ட பாட்டையே எடுத்திருப்பீர்கள். பழைய பழக்கம் ஒவ்வொரு சங்கதியிலும் முந்திக்கொள்ளும். இதுவரை பாடாத கீர்த்தனையாக ஒன்றைத் தேர்ந்து, அதே வித்வானிடம் முதல் சங்கதியிலிருந்து தொடங்குங்கள்.